பதிவில் உள்ள பெயர்

பதினைந்து குறிகள், எண்ணும் எழுத்துமாக.
கடலில் ஒருவன் கத்தினால்
விண்வெளிக்குப் போய்த் திரும்பி
என் மேசைக்கு வந்து சேர்வது அவ்வளவுதான்.

ஃபினிஸ்தெரே கண்காணிப்புக் கோபுரம்.
அதிகாலை இரண்டு பத்து.
குறிகளைப் பதிவேட்டில் தட்டினால் ஒரு பெயர்:
எவாரிஸ்தோ லமெய்ரோ, கொர்குபியோன்.
கீழே ஒரு வீட்டுத் தொலைபேசி எண்.

முதலில் போன் போட வேண்டும், அதுதான் முறை.
பத்தில் ஒன்பது வீண் கூச்சல்.
கராஜ் அலமாரியிலிருந்து விழுந்திருக்கும்,
பெயின்ட் அடிக்க வந்தவன் எதையோ அழுத்தியிருப்பான்.
ஒருமுறை கடலே இல்லாத லூகோவில்
குப்பைக்கிடங்கைத் தோண்டி எடுத்தார்கள்,
மூன்று நாளாக உதவி கேட்டுக்கொண்டிருந்த கருவியை.
ஆகவே நான் அழைப்பது ஒரு சிரிப்புக்காக.
மறுமுனையில் யாராவது சிரித்துவிட்டால்
காப்பி குடிக்கப் போகலாம்.

எட்டாவது மணியில் ஒரு பெண்குரல்.
"உங்கள் கணவர் கடலில் இருக்கிறாரா?"
இதை மெதுவாகக் கேட்கப் பயிற்சி தந்திருக்கிறார்கள்.
மெதுவாகக் கேட்டால் இன்னும் பயங்கரமாக இருக்கிறது.
கட்டில் முனகுகிறது. விளக்குச் சொடுக்கு.
"இதோ, பக்கத்தில் குறட்டை விடுகிறார்."
சிரித்தேவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
திரையில், இருபத்திரண்டு கடல்மைல் மேற்கே,
அவள் கணவர் துடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படகா? விற்றாயிற்றே,
போன கார்னிவலுக்கு முந்தி."
"யாருக்கு?"
தூக்கம் கலையாத குரல் யோசித்தது.
"ரொக்கமாகக் கொடுத்தான்."

ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது.
அதற்குப் பெயர் வேண்டாம், புள்ளி போதும்.
புள்ளியும் இன்னும் புள்ளியாகவில்லை,
ஓர் ஊரே மூழ்கும் அளவு வட்டம்.
ஆனால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது:
எத்தனை பேர்? மிதவை உடுப்பு உண்டா?
யாரை எழுப்பி நான் இதே கேள்வியைக் கேட்பது?

எவாரிஸ்தோ தவணை முறையில் ஞாபகப்படுத்தினார்.
உயரம். இல்லை, நடுத்தரம்.
இடது கையால் பணம் எண்ணினான்.
காரில் ஒரு நாய், கடைசிவரை இறங்கவில்லை.
பெயர் எம்-மில் தொடங்கும், மாமெர்த்தோ மாதிரி,
மாமெர்த்தோ இல்லை.
"பதிவை மாற்றிக்கொள் என்று சொன்னேன்."
கொஞ்ச நேரம் கழித்து: "சொல்லவில்லை."
இன்னும் கொஞ்ச நேரம் கழித்து,
நான் கேட்காமலே:
"அந்த மஞ்சள் கருவியைக் கழற்றித்
தனியாக விற்கலாம் என்றுதான் இருந்தேன், அறுபது யூரோ.
திருகாணி துருப்பிடித்திருந்தது.
சோம்பலாக இருந்தது, விட்டுவிட்டேன்."

மூன்று நாற்பது. விமானியின் குரல்,
பாதி காற்று.
கவிழ்ந்த படகின் முதுகில் ஒருவர். உயிரோடு.
ஒருவர்தான்.
நாய் உண்டா என்று கேட்டேன்.
பதில் வரவில்லை, அல்லது
காற்றில் போய்விட்டது.

கருவியை அணைக்க அவர் விடவில்லையாம்.
சட்டைக்குள் அணைத்துப் பிடித்திருக்கிறாராம்,
விரல்கள் விறைத்து, பெயர் கேட்டால் பல் மட்டும் அடிக்க.
இருக்கட்டும் என்றேன்.
விதிப்படி அப்படிச் சொல்லக் கூடாது.

எனவே அதைப் பார்த்தேன்:
என் திரையில் அந்தப் படகு
இன்னும் உதவி கேட்டபடியே
கரையைத் தாண்டி,
தாவித் தாவி, பாறைமேல், பைன் காட்டின்மேல்,
நூற்றிருபது நாட் வேகத்தில்
கொருஞ்ஞா மருத்துவமனையை நோக்கிப் போனது.
வழியில் கொர்குபியோன்.
பதிவேட்டின்படி எவாரிஸ்தோ லமெய்ரோ
தன் வீட்டுக் கூரைக்கு மேலே
மீட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

கீழே விளக்கு எரிந்திருக்க வேண்டும்.
ஏனென்றால் என் போன் அடித்தது.
அவள்தான்.
"சத்தம் கேட்டது," என்றாள்.
"அவனுக்குப் பேர் என்ன?"