மூன்றாம் ஓலை

முதல் ஓலை வாசித்த ஞாயிறு மைக் சரியில்லை.
"மூக்கையூர்ப் பங்கைச் சேர்ந்த
காலஞ்சென்ற தொம்மையின் கைம்பெண் செலஸ்தினாவுக்கும்…"
'காலஞ்சென்ற' என்ற இடத்தில்
ஒலிபெருக்கி கீச்சிட்டது.
பெண்கள் பக்கம் முக்காடுகள் எல்லாம் திரும்பின.
அவள் குனிந்திருந்தாள்,
பாறை கிழித்த விரலில் பிளாஸ்திரியை நிமிண்டிக்கொண்டு.

அன்று ராத்திரி எழுதியது நான்தான்.
மகனின் கணக்கு நோட்டில் நடுத்தாளைக் கிழித்து, இடது கையால்.
"சாமி, பிணம் கிடைக்காதவன் செத்தவனா?
எலும்பு ஒன்று காட்டச் சொல்லுங்கள்.
புருஷன் இருக்க இன்னொரு தாலியா?"
எந்தக் கட்டளை என்று போட ஞானோபதேசப் புத்தகம் புரட்டினேன்,
ஆறா, ஒன்பதா, குழம்பி விட்டுவிட்டேன்.
சாயல்குடிக்குப் பஸ் ஏறிப் போய்த் தபாலில் சேர்த்தேன்.
எங்கள் ஊர்த் தபால்காரருக்கு
என் இடது கையும் தெரிந்திருக்கும்.

ஊர் என் பக்கம்.
ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கினால் ஆயிரம் ரூபாய் அபராதம் போடுகிற ஊர்.
நைட்டியோடு கோயில் முற்றம் ஏறவிடாத ஊர்.
வேதத்துக்கு வெளியே கட்டியவளின் அப்பன் செத்தபோது
மணியடிக்கலாமா என்று மதியம் வரை கூட்டம் போட்ட ஊர்.
இரண்டாம் ஓலைக்கு முன் சாமியார் என் கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை.
தண்ணீர் குடித்தார். வாசித்தார்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.
தொம்மை போன வள்ளத்தில்
அணியத்தில் நின்றவன் என் கஸ்பார்.
ஐந்து பேர். வாடைக்காற்று.
எட்டாம் நாள் நல்லதண்ணித் தீவில் ஒதுங்கியது
ஒரு கன்னாஸ், ஒற்றைச் செருப்பு.
செருப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள்.
ஐந்து வீட்டிலும் ஒரே பதில்:
எங்களுடையது இல்லை.

தொம்மை செத்தால் கஸ்பாரும் செத்தான்.
அதற்கு மேல் வேதசாஸ்திரம் எனக்குத் தெரியாது.
ஏழு வருஷமாகப் பூசைக்குப் பூ வைத்துப் போகிறேன்.
மரியாயின் சேனைக்குத் தலைவி.
அவள் ஒரு ஐஸ் லாரிக்காரனுக்காக
என் புருஷனைக் கொல்ல வந்திருக்கிறாள்.

மூன்றாம் ஓலை.
"தடை ஏதும் தெரிந்தவர்கள்
மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டு அறிவிக்கவும்."
மின்விசிறி நின்று போயிருந்தது.
சந்தியாகப்பரின் குதிரை மேல் ஒரு புறா
காலை மாற்றி மாற்றி வைத்தது.
நான் எழுந்துவிட்டேன்.
ஜெபமாலை மடியிலிருந்து விழுந்த சத்தம்
ஆண்கள் பக்கம் வரை போனது.
செலஸ்தினா இப்போதுதான் திரும்பினாள்.
பயந்த முகமில்லை அது.
அந்த ஒற்றைச் செருப்பை நான் பார்த்த மாதிரி
அவள் என்னைப் பார்த்தாள்.

"சாமி," என்றேன்,
"இந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை.
பேருக்கு முன்னாடி உள்ளதை
இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தார்.
காலஞ்சென்ற.
மைக் அன்று நன்றாகத்தான் வேலை செய்தது.

வீட்டுக்கு வந்து பூசைக் கருத்துக் கவரை எடுத்தேன்.
உள்ளே ஐம்பது ரூபாய்.
மேலே கஸ்பார் என்று எழுதினேன், வலது கையால்.
பேருக்குப் பக்கத்தில் போட வேண்டிய சின்னச் சிலுவையை
இன்னும் போடவில்லை.
பேனா இருக்கிறது.