ஏழாம் லைன்

எட்டரைக்குக் கப்பல் வாயைத் திறந்தது.
சட்டையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் என் ஆட்கள்,
முப்பத்திரண்டு பேர்.
மஞ்சள், கொடிமலை ரயிலுக்கு.
சிவப்பு, தின்னப் போகிற கூட்டம்.
பச்சைக்கு, சீட்டில் அச்சிட்டபடி,
பாரம்பரிய ஜப்பானியப் பண்பாடும் பூங்காவும்.
பினாங்கில் இறங்கி ஜப்பானா என்று
யாரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்.
பேருந்தின் குளிரில் அது கெடாமல் இருந்தது.

தண்ணீர்மலைக்குத் திரும்பும் முன் ஒரு பழைய பங்களா.
பின்னால் திருமதி கோர்
பன்னிரண்டு வருஷமாக வளர்த்த தோட்டம்:
வளைந்த பாலம், கல்விளக்கு,
சளி பிடித்ததுபோல் விட்டுவிட்டு ஒழுகும் மூங்கில் குழாய்,
கடலாக இருக்கச் சொல்லி
வாரிவிட்ட வெள்ளைச் சரளை.
நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே
ஒரு குரங்கு அந்தக் கடலை நடந்து கடந்தது.
கைதட்டினார்கள்.
ரஃபிக்குல் வாரியோடு மறுபடி வந்தான்,
குரங்கை வங்காளத்தில் திட்டிக்கொண்டே
அலைகளைப் போட்டான்.

தேநீர் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார்கள்,
கல்யாண மண்டபத்தில் கழற்றுவதுபோல,
ஒன்று வடக்கே, ஒன்று கவிழ்ந்து.
உள்ளே, கிண்ணத்தை இருமுறை திருப்பச் சொல்லி
திருமதி கோர் ஆரம்பித்துவிட்டார்.
நான் வெளியே குனிந்து
எல்லாவற்றையும் ஜோடி சேர்த்தேன்,
நுனி வெளியே பார்க்க,
இடையில் ஒரு விரற்கடை.
யாரும் சொல்லவில்லை. முதுகு தானாக வளையும்.

"இதை எங்கே கற்றீர்கள்?"
உதட்டுக்குள்ளேயே பேசும் ஆங்கிலம்.
திருமதி ஓடா. என் பட்டியலில் ஒரே ஜப்பானியர்.
முழங்கால் மடங்காது,
அதனால் உள்ளே போகாமல் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

பாயான் லெப்பாஸ், என்றேன். ஏழாம் லைன்.
பத்தொன்பது வருஷம்.
காலை ஏழுக்கு ஒலிபெருக்கிப் பியானோவுக்கு
நானூறு பெண்கள் கை தூக்கி இறக்குவோம்,
பொட்டும் முக்காடுமாக.
துடைப்பத்துக்குக்கூடத் தரையில் கோடு போட்ட இடம் உண்டு.
எவ்வளவு குனிந்து வணங்குவது என்று
ஹிராயாமா சான் ஒரு மரச்சட்டம் வைத்துக் காட்டினார்.
செய்தது கப்பாசிட்டர்:
உளுந்து அளவு, கால்கள் மயிர் கனம்.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
இயந்திரங்களுக்கு பிளாஸ்டிக் சுற்றினார்கள். வியட்நாமுக்கு.
எங்களுக்கு ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம்.

அவர் கைப்பையைக் கீழே வைத்தார்.
வலது ஆள்காட்டி விரலை நீட்டினார்.
நகத்தை ஒட்டி, உள்ளோரம்,
பயறு போல ஒரு காய்ப்பு.
இடுக்கி பிடிக்கும் இடம்.
என் விரலைப் பக்கத்தில் வைத்தேன்.

நாகானோ, என்றார். பதினெட்டு வயதிலிருந்து.
ஆலையை மூடித் தெற்கே கொண்டுபோனார்கள்.
ஊர்ப்பெயர் சொன்னார்கள், வாயில் நுழையவில்லை.
பா, யான், என்று இப்போது மெல்லச் சொல்லிப் பார்த்தார்.
ரொம்ப வருஷம் நாங்கள் உங்களைத் திட்டினோம்,
முகம் தெரியாத உங்களை.
சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.
நானும் ஒருத்தியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஹனோய்ப் பக்கம், லைன் எண் தெரியாது.

கூட்டம் வெளியே வந்தது.
வாயோரத்தில் பச்சைத் தூள்.
"யாரோ என் செருப்பைத் தொட்டிருக்கிறார்கள்"
என்றார் சிவந்த கழுத்துள்ள ஒருவர்.

துறைமுகத்தில் எண்ணினேன். முப்பத்திரண்டு.
கையெழுத்துப் போட்டேன்.
அவர் கடைசியாக இறங்கினார், ஒவ்வொரு படியாக.
கப்பல் அடுத்து சிங்கப்பூர், அப்புறம் வியட்நாம்.
அங்கேயும் ஏதோ தோட்டம் காட்டுவார்களாம்.

எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில்
காலை வணக்கம் உண்டு, பழுது உண்டு,
கழிவுப் பெட்டி உண்டு,
ஷிப்டு முடிந்து உறையைக் கழற்றும்போது
ஒருவருக்கொருவர் சொல்லும் ஒரு சொல் உண்டு.
விடைபெற வேறு சொல் தெரியாமல்
அதையே சொன்னேன்.
ஒட்ஸுகாரே சாமா.

அவர் நின்றார்.
மரச்சட்டம் இல்லாமலே சரியாகக் குனிந்து
அதையே திருப்பிச் சொன்னார்.
பின்னால் நின்ற காவலர், "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்.