ஏறியவர், இறங்கியவர்

தீவுக்கும் கரைக்கும் நடுவே
கடல் உறைந்துவிட்டால் அதுதான் சாலை.
எஸ்தோனியாவில் பிப்ரவரி மாதம்
இதை யாரும் அதிசயம் என்பதில்லை.

சீட் பெல்ட் போடாதே.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே ஓட்டாதே,
அந்த வேகத்தில் அடியில் ஓர் அலை எழுந்து
கூடவே ஓடிவந்து பனியைப் பிளக்கும்.
இவ்வளவும் பலகையில் இருக்கிறது.
பலகையில் இல்லாதது ஆர்வெட்டின் கேள்வி:
ஏறினவர் எல்லாரும் இறங்கினார்களா?

அதற்குத்தான் என் பெட்டிகள். கரைக்கு ஒன்று.

முதலில் மீன் டப்பா ஒன்றில் வைத்தேன் காந்தமானியை.
டப்பா இரும்பு.
பாவம், இரவு முழுக்கத்
தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.
பிறகு வெண்ணெய் வாங்கிய பிளாஸ்டிக் பெட்டி.

எங்கள் ஊரில் பூமியின் காந்தம்
வடக்கே போவதைவிடத் தரைக்குள் இறங்குவதே அதிகம்,
கிணற்றில் விட்ட கயிறுபோல.
கார் ஒன்று மேலே போனால்
கயிறு கொஞ்சம் கோணும்.
அந்தக் கோணலுக்கு ஒரு வரம்பு வைத்தேன்.

சில்லைத் தூங்கச் சொன்னேன்.
வந்தாச்சா, வந்தாச்சா என்று
நொடிக்கு நூறு தடவை கேட்டுக்கொண்டிருந்தால்
பதினேழு டிகிரிக் குளிரில்
பேட்டரி மூன்று நாள் தாங்காது.
நீ தூங்கு.
வரம்பு தாண்டினால் அது உன் காலைத் தட்டும்,
எழுந்து மணி குறித்து அனுப்பு,
மறுபடி தூங்கு.

முதல் நாள் சாயங்காலம் ஆர்வெட் கூப்பிட்டார்.
"ஹில்லே, பதினோரு கார் ஏறியிருக்கிறது.
இறங்கியது ஒன்று."

அவர் குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் பயம்.
ஸ்னோமொபைலில் இரண்டு பேர் கிளம்பினார்கள்.
நான் திரையைப் பார்த்தபடி நின்றேன்,
பத்துக் காருக்கும் முகம் வைத்துக்கொண்டே.

பத்தும் தீவின் துறைமுகத்தில்
வரிசையாக நின்றிருந்தன.
ஒன்றில் நாய்.

பிழை என்னுடையது, ஒரே ஒரு வரி.
தட்டிய உணரி, கையை எடுக்காமல்
அப்படியே வைத்துக்கொண்டிருக்கும்,
யாராவது வந்து அதன் பதிவேட்டை வாசிக்கும்வரை.
"கேட்டுவிட்டேன்" என்று ஒரு சொல்.
தீவுப் பெட்டிக்கு அதைச் சொல்ல மறந்திருந்தேன்.
முதல் காருக்குத் தட்டிய கை
அடுத்த பத்துக்கும் கதவின்மேலேயே இருந்தது.
தட்டிக்கொண்டேயிருக்கும் கையை
தட்டுகிற கை என்று எந்தச் சில்லும் எண்ணாது.

சோதனைக்காக வரம்பையும் பாதியாக்கினேன்.
தடுப்புக்கட்டை இறங்கியாயிற்று, இருட்டியாயிற்று,
இனி யார் வரப்போகிறார்கள்?

இரண்டு மணி பதினேழு.
கரைப் பெட்டி விழித்தது.

காருக்குப் போதாத கோணல். ரொம்பச் சின்னது,
ரொம்ப மெதுவானது.
கோட்டை மாட்டிக்கொண்டு போய் டார்ச் அடித்தேன்:
பனித்தூளில் இரண்டு மெல்லிய இணைகோடுகள்,
பக்கத்தில் ஒற்றைக் காலின் உதைப்புகள்.
எஃகுச் சட்டம் போட்ட உதைவண்டி.
அந்த நேரத்தில், தனியாக, தீவை நோக்கி.

ஆர்வெட்டை எழுப்பினேன்.
"குடிகாரனோ, காதலனோ, செத்த வீடோ," என்றார்.
ஏற்கெனவே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.
பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கியது.
விளக்கோடு போனவர்கள் தங்கள் கையையே காணாமல்
திரும்பி வந்தார்கள்.

பிறகு நான் செய்தது இது:
தீவுப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து வைத்துப்
புதுப்பித்தேன். வந்தாச்சா.
புதுப்பித்தேன். வந்தாச்சா.
காப்பி ஆறியது. வந்தாச்சா.
சில்லுக்குத் தூங்கக் கற்றுக்கொடுத்தவள்
நிமிடத்துக்கு ஆறு தடவை,
என் பேட்டரியைப் பற்றி
யாரும் கணக்குக் கேட்கவில்லை.

ஐந்து மணி நான்கு.
ரொம்பச் சின்னது, ரொம்ப மெதுவானது,
அதே கோணல்.

யாரென்று இன்றுவரை தெரியாது.
ஏறியது பன்னிரண்டு, இறங்கியது பன்னிரண்டு
என்று ஆர்வெட் பென்சிலால் எழுதினார்.
காலையில் வரம்பைப் பழைய இடத்துக்கு
உயர்த்தச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம்.

இன்னும் உயர்த்தவில்லை.