வளரும்போது மட்டும்

இரவு இரண்டே கால்.
ஸ்லைடைத் தீயில் காட்டி எடுக்கிறேன்.
ஊதா ஊற்றி, அயோடின் ஊற்றி,
ஆல்கஹாலால் ஒரு கழுவு.
கடைசியாய்ச் சிவப்பு.
சுவர் தடித்தவன் ஊதாவை விடமாட்டான்;
மெலிந்தவன் விட்டுவிட்டுச்
சிவப்பைப் பூசிக்கொள்வான்.
பதினெட்டு வருஷமாய் இதுதான் பிழைப்பு:
யாருக்கு எவ்வளவு சுவர் என்று பார்ப்பது.

இன்றைக்கு ஊதா.
அறுந்த கருகமணிச் சரடுபோல்
துண்டு துண்டாய்ச் சங்கிலி.
சீட்டைத் திருப்பிப் பார்க்கிறேன்:
ஸோண்டி, எம். ஆண். நாற்பத்தொன்று.
இடது கெண்டைக்கால். சீழ்.
முகவரி, இனாண்டா.

எனக்கு ஒரு ஸோண்டியைத் தெரியும்.
போன மாதம் எங்கள் வீட்டுச் சுவரை
ஆறு வரிசை உயர்த்திக் கொடுத்தவர்.
அந்த ஜூலைக்குப் பிறகு ஃபீனிக்ஸில் எங்கள் தெருவில்
ஒரு சுவரும் பழைய உயரத்தில் இல்லை.
"இன்னுமா?" என்று கேட்டார்,
கரண்டியைக் கலவையில் குத்திவைத்துவிட்டு.
"வீட்டுக்காரர் சொல்கிறார்" என்றேன்.
வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம்.

இவற்றின் சுவரில் செங்கல் இல்லை.
வலை.
நெடுக்கே சர்க்கரை இழை,
குறுக்கே புரதத் துணுக்கால் முடிச்சு,
உடம்பைச் சுற்றி முழுக்க ஒரே பின்னல்.
உள்ளே தண்ணீர் திமிறுகிறது,
கார் டயரெல்லாம் அதன் முன்னால் தலையணை.
இந்த நெருக்கடியில் வளரவும் வேண்டுமாம்.
வளர,
தன் வலையைத் தானே கத்தரிக்க வேண்டும்,
கத்தரித்த இடத்தில் அந்தக் கணமே
புது இழை வைத்து முடிய வேண்டும்.
ஒரு கை வெட்ட, ஒரு கை தைக்க.

பெனிசிலின் சுவரை இடிக்கிறது என்று
எல்லோரும் நினைக்கிறார்கள்.
அது எதையும் இடிப்பதில்லை.
முடிச்சுத் துணுக்குபோலவே வேஷம் கட்டி வந்து
தைக்கிற கையைப் பற்றிக்கொள்கிறது.
பற்றினால் விடாது.
வெட்டுகிற கைக்குச் செய்தி போவதில்லை,
அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போகும்.
மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

வளராமல் சும்மா கிடப்பவனை
அது ஒன்றும் செய்யாது.
நம்மையும் செய்யாது.
நம் செல்லுக்குச் சுவரே கிடையாது,
ஒரு மெல்லிய கொழுப்புப் படலம்,
அவ்வளவுதான்.
பரீட்சைக்கு ஒப்பித்த வரி இது.
இன்றைக்கு ஏனோ
தொண்டையில் நிற்கிறது.

கடைசி நாள், சுவருக்கு மேலே
பிளேடுச் சுருள்கம்பியை இழுத்துக் கட்டும்போது
ஏணி சறுக்கியது.
கம்பி அவர் காலைக் கிழித்துவிட்டுத்
தன் இடத்துக்குத் திரும்பி நின்றது.
டெட்டால் எடுத்துவந்தேன்.
"ஒன்றுமில்லை, ஆன்ட்டி."
கழுத்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு
கூலியை எண்ணி வாங்கி,
டாக்ஸி நிற்கும் முனைவரை நொண்டிப் போனார்.
நான் கேட்டைப் பூட்டினேன்.
இரண்டு பூட்டு.

செம்மறி ரத்தத் தட்டில் இழுத்துவிட்டு
நடுவில் பெனிசிலின் வட்டு வைக்கிறேன்.
இந்தச் சங்கிலிக்காரன் இன்றுவரை
அதற்குத் தப்பக் கற்கவில்லை.
தெரிந்தும் வைக்கிறேன்.
நாளை அளப்பேன்.

வார்டுக்கு ஃபோன்.
"ஊதா, சங்கிலிக் கோளம்" என்கிறேன்.
"பெனிசிலின் ஏற்கெனவே ஏறுகிறது" என்கிறாள் நர்ஸ்.
வைத்துவிட வேண்டும். வைக்கவில்லை.
"ஆள் எப்படி?"
"ஜுரம். ஆனால் பேசுகிறார். உங்களுக்குத் தெரிந்தவரா?"
"அந்த எம் என்றால் என்ன பெயர்?"
காகிதம் புரளும் சத்தம்.
"முஸாவென்கோசி."

ஒன்பது நாள் என் வாசலில் நின்று
கலவை குழைத்தவருக்கு
அதுதான் பெயரா,
வேறு ஏதாவதா.
நான் கேட்கவே இல்லை.
எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்கிறேன்,
மெதுவாக,
இன்னொரு தடவை.