டெர்பிக் கணக்கு

கிருஷ்ணகிரி டோல்கேட், நான்காவது வழி.
பாஸ்டேக் எடுக்காமல் நின்றது ஒரு வண்டி.
மாடு ஏற்றின வண்டி என்றுதான் கூடையோடு போனேன்.
ஜன்னலில் ஒரு முகம்.
என் முகத்தைப் போல இரண்டு மடங்கு நீளம்,
நெற்றியில் சுண்ணாம்பு விரலைத் துடைத்த மாதிரி ஒரு வெள்ளை,
இடது காதில் நுனி மட்டும் குறை.

வண்டியில் இருந்த பையன் இருபது ரூபாயை நீட்டி
"மசாலா வேணாம்" என்றான்.
அவன் தின்னத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன்.
அது தின்றது.
பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு
என்னைப் பெற்றவளைத் திட்டினான்.
அது அவசரமில்லாமல் மென்றது,
மென்றபடியே என்னைப் பார்த்தது.
கடன் கொடுத்தவன் பார்ப்பதும் அப்படி இல்லை,
பேரம் பேசுகிறவன் பார்ப்பதும் அப்படி இல்லை.

"ஜூலை, ரெண்டாவது சண்டே, பெங்களூர் டெர்பி.
இவன் ஓடும். நீ வா அக்கா."
பேரும் சொன்னான். ஏதோ ஏதோ கிங்.
தடுப்புக் கட்டை எழுந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.
தண்ணீர் பாட்டில் விற்கும் ஷமீமும் வருகிறாள்;
பர்தாவோடு உள்ளே விடுவார்களா என்று
மூன்று தடவை கேட்டுவிட்டாள்,
எனக்கென்ன தெரியும், நான் என்ன தினமும் போகிறவளா.
வீட்டுக்காரருக்கு "ரேஸ்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.
அன்று ராத்திரி வீட்டுப் பத்திரத்தை எடுத்து
அரிசி டிரம்முக்குள் ஒளித்தார் மாதப்பன்.
பத்திரம் இரண்டு வருடமாகக் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது.
அவர் ஒளித்தது வெறும் உறை.
நான் சொல்லவில்லை.

காலண்டர் தாளின் பின்பக்கம்:
பஸ், இரண்டு பேர், போக வர, நானூற்று எண்பது.
மெஜஸ்டிக்கிலிருந்து ஆட்டோ முந்நூறு,
அங்கே ஆட்டோக்காரன் முகத்தைப் பார்த்துத்தான் மீட்டர் ஓடுமாம்.
டிக்கெட் ஐந்நூறு என்று குத்துமதிப்பாகப் போட்டேன்.
டீக்கு அறுபது.
சோறு புளிச்சோறு, தண்ணீர் ஷமீமுடையது.
படுத்த பிறகு எழுந்து விளக்கைப் போட்டு
இன்னொரு வரி எழுதினேன்:
ஞாயிறு வியாபாரம், எண்ணூறு.
சேலத்துக்கும் மதுரைக்கும் போன பெங்களூர்க்காரர் அத்தனை பேரும்
தொண்டை வறண்டு திரும்புகிற நாள் அது.

ஆக, இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
பந்தயத்துக்கு ஒரு ரூபாய் இல்லை இதில்.

கூண்டுக்குள் உட்கார்ந்து சில்லறை கொடுக்கும் யாமினி
போனில் பார்த்துச் சொன்னாள்:
"மொத்தமே ரெண்டரை நிமிஷம்க்கா.
சுத்தி வர்ற ஓட்டம். உங்க முன்னாடி வர்றது
எட்டு செகண்ட் இருந்தா அதிகம்."
சொல்லிவிட்டு, பட்டியலில் மூன்று கிங் இருக்கிறது என்றும் சொன்னாள்.

எட்டு நொடி.
பென்சிலை நாக்கில் தொட்டு வகுத்தேன்.
நொடிக்கு இருநூற்று அறுபத்தேழு ரூபாய் ஐம்பது காசு.
இங்கே நின்றதே, பதினோரு நிமிடம்,
ஒரு பைசா வாங்காமல்.
வாங்காமல் என்ன,
இருபது ரூபாய் கொடுத்துவிட்டு.

தாளைக் கசக்கவில்லை.
அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
உப்பு, மிளகாய்த்தூள் போடாமல் வெள்ளரி ஒரு கட்டு, தனியாக, ஈரத்துணியில்.

"வாசல்லயே புடுங்கிக்குவாங்க" என்றாள் ஷமீம்.
புடுங்கட்டும்.
"மூணு கிங்குல எதுன்னு தெரியும்?"
கம்பி ஓரம் போய் நிற்போம்.
ஊரே கிங் கிங் என்று கத்தும்.
நான் மட்டும், தினமும் இந்த நான்காவது வழியில் கத்துகிற மாதிரி,
வயிற்றிலிருந்து இழுத்து
"வெள்ளரீ... வெள்ளரிக்காஆ..." என்பேன்.
நுனி குறைந்த அந்தக் காது
எந்தக் குதிரையில் திரும்புகிறதோ, அது.

ஷமீம் ரொம்ப நேரம் பேசவில்லை.
ஒரு அரசுப் பேருந்து வந்தது, ஓடிப்போய்
நான்கு பாட்டில் விற்றுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினாள்.
"அக்கா, ஓடுறப்ப திரும்பிப் பாத்தா
அது தோத்துடுமே."

அதை நான் யோசிக்கவில்லை.
ஜூலைக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.