இதர செலவு

டிக்கெட் கவுண்டரை ஒட்டி இன்னொரு கவுண்டர்.
மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டிவிடுகிறார்கள்.
பெரியவருக்கு நானூற்றுத் தொண்ணூற்றொன்பது,
பிள்ளைகளுக்கு முந்நூற்று நாற்பத்தொன்பது.
மதியம் பஃபே, சைவமும் கோழியும்.
சாயங்காலம் ஒரு பாப்கார்ன், ஒரு டீ அல்லது ஐஸ்கிரீம்.
பதினொரு மணிக்கு மூடிவிடுவார்களாம்.
மணி பத்தே முக்கால்.

கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை
வாசலிலேயே செக்யூரிட்டிப் பெண் எடுத்து வைத்துவிட்டாள்.
டோக்கன் முப்பத்தெட்டு.
"போறப்ப வாங்கிக்கங்கக்கா."

மேலூர் உரக்கடையில் பதினாலு வருஷமாக
யூரியா மூட்டைக்கும் வராத பாக்கிக்கும் கணக்கெழுதும் கை.
பேனா இல்லை.
மிருதுளாவின் கண்மைப் பென்சிலை வாங்கி
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்:
நாலு பேருக்கு ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றாறு.

விலை தெரிகிறது.
பசிதான் தெரியவில்லை.
மிருதுளா ராட்டினம் ஏறுமுன் எதையும் தொடமாட்டாள்,
இறங்கியபின் தொட முடியாது.
ரித்திக்குக்குப் பசி வருவது
எந்த இடத்தைவிட்டும் கிளம்பிய பிறகுதான்.
எனக்கு அரைத் தட்டு.
அவருக்குப் புரட்டாசி. இன்று மூன்றாம் சனி.
அழகருக்கு நேர்ந்துகொண்டு முழு மாசமும் கவுச்சி இல்லை.
கோழிக்கும் சேர்த்துக் காசைக் கட்டிவிட்டு
கோழியைப் பார்த்தபடி சாம்பார் சாதம் தின்பதா?

"எடுத்துட்டா தொல்லை இல்லைல?" என்றார் சேவுகன்.
"பேசாம இருங்க, கூட்டிக்கிட்டு இருக்கேன்."

எங்களுக்குப் பின்னால் உசிலம்பட்டிக் குடும்பம் ஒன்று,
யோசிக்காமல் ஒன்பது கைகளை நீட்டியது.
ஒன்பது பட்டை.
அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு மூன்று போதும், பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ளும்.
பாப்கார்ன் இரண்டு, தண்ணீர் நாலு,
டீ இரண்டு, ஐஸ்கிரீம் இரண்டு.
ஆயிரத்து ஐம்பது.
அறுநூற்று நாற்பத்தாறு மிச்சம்.
"வேண்டாம்," என்றேன். கவுண்டர்ப் பையன் வருத்தப்படவில்லை.

அலைக்குளத்தில் கிடந்த பிள்ளைகளுக்கு வரும் பசியை
நான் எந்தப் பேரேட்டிலும் பார்த்ததில்லை.
உதடு நீலம் பாய்ந்து, விரல் நுனி சுருங்கி வந்து
ஆளுக்கொரு சாப்பாடு கேட்டன.
மிருதுளா மேலே ஒரு தயிர்சாதம்.
தண்ணீர் ஐந்தாவது பாட்டில்.
ஐஸ்கிரீமைப் பிள்ளைகள் மட்டும் நக்குவதைப்
பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, நாங்களும் வாங்கினோம்.
தொண்ணூறு. நாற்பது. எழுபதும் எழுபதும்.
மிச்சம் என் கண்ணெதிரே கரைந்துகொண்டே வந்தது.
முழுக்கக் கரையவில்லை, அதுதான் முக்கியம்.

மூன்று மணிக்கு மேல் அவரும் ரித்திக்கும்
பாத்ரூம் போய்விட்டு வருகிறோம் என்று போனார்கள்.
ஈரத் துண்டின்மேல் மிருதுளாவும் நானும்
இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம்.
திரும்பி வரும்போது இரண்டு பேரும்
எதற்கோ சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

பஸ்ஸில் அறிவித்தேன்:
மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு. நூற்றுத் தொண்ணூற்றாறு லாபம்.
"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்,
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.
புளியோதரையை நீட்டினேன்.
வயிறு நிறைந்திருக்கிறது என்றார்.
ரித்திக்கும் வேண்டாமென்றான்.
எப்போதும் கிளம்பியபின் பசிக்கிறவன்.

இரவு அவர் போனில்
வழக்கம்போல் ஜிபே வரவுசெலவு பார்த்தேன்.
பிற்பகல் மூன்று பதினேழு.
ஹாட் சிக்கன் கார்னர்.
முந்நூறு.

ப்ளேட் நூற்றைம்பது, போர்டில் பார்த்திருந்தேன்.
இரண்டு ப்ளேட்.

ஆக ஆயிரத்து எண்ணூறு.
பட்டை கட்டியிருந்தால் நூற்று நாலு ரூபாய் மிச்சம்.
ஆனால் பட்டை கட்டியிருந்தால்
கோழி என் கண் முன்னால் தட்டில் இருந்திருக்கும்;
அவர் தொட்டிருக்கமாட்டார்.
பையனும் அவரும் அப்படிச் சிரித்துக்கொண்டு
வந்திருக்கவும் மாட்டார்கள்.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

'இதர செலவு 300' என்று எழுதி நோட்டை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை
புளியோதரையைச் சூடாக்கி
அவர் தட்டில் மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தேன்.
நிமிர்ந்து என்னை ஒருதடவை பார்த்தார்.
மறுபேச்சில்லாமல் தின்றார்.