மூன்றுக்கு நான்கு

கோரிஸ் சதுக்கத்தில் மூன்றாம் நாளும்
கார்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன.
கூரையில் மெத்தை, மெத்தைமேல் சைக்கிள்.
ஒரு பழைய லாடாவின் பின்சீட்டில்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது
ஒரு தேனீப் பெட்டி.

அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.
"பாஸ்போர்ட் படம் எடுக்கத் தெரியுமா?"
கேட்டவர் வாராஸ்தத். டிராக்டரில் வந்தவர்.
பதிவு மேசையில் படம் கேட்கிறார்களாம்.
அவர்கள் ஊர் ஸ்டூடியோக்காரரும் வரிசையில்தான் நிற்கிறார்,
கேமரா வந்து சேரவில்லை.

மருந்துக்கடைச் சுவரில்
ஒரு படுக்கை விரிப்பை ஆணியடித்தோம்.
விடுதிக்காரி ஜன்னல் வழியே வயரை இழுத்து
சுவரோடு வைத்தே அதை இஸ்திரி போட்டாள்.

மூன்று சென்டிமீட்டருக்கு நான்கு.
காது தெரிய வேண்டும். தொப்பி கூடாது.
சிரிக்கக் கூடாது.
"அழலாமா?" என்றாள் ஒரு பள்ளிச் சிறுமி.
விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இரவு அலுவலகத்திலிருந்து செய்தி:
முகங்கள் வெறுமையாக இருக்கின்றன,
கொஞ்சம் உணர்ச்சி கிடைக்குமா?

காலையில் ஹிரிப்சிமே வந்தாள்.
கையில் இரண்டு நாள் பிள்ளை,
பெட்ரோல் வரிசையில் பிறந்தது.
தலை நிற்கவில்லை.
பிடிக்கிற கை படத்தில் விழக் கூடாது.
எனக்கு வழி தெரியவில்லை.
"என்னை மூடிவிடுங்கள்" என்றாள்.

நாற்காலியில் உட்காரவைத்து
விரிப்பைக் கழற்றி
தலையோடு கால் போர்த்தினேன்.
மடியில் பிள்ளை.
வரிசையில் அதுவரை இருந்த பேச்சு
அப்படியே நின்றது.
யாரோ தொப்பியைக் கழற்றினார்.

"கண் திறந்திருக்கிறானா?"
துணிக்குள்ளிருந்து.
இல்லை.
"இப்போது?"
இல்லை.
வாய் இருந்த இடத்தில் துணி
உப்பி உப்பி அடங்கியது.
அவள் ஏதோ சொன்னாள், அவனிடம், எனக்குப் புரியாத அவர்கள் பக்கத்துப் பேச்சில்.
திறந்தான்.

வெட்டிய படம் படிவத்தில் ஒட்டியாயிற்று.
பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு மேல்
எழுத்தரின் பேனா
வெகுநேரம் நின்றது.

வெட்டாத படம் என்னிடம் இருக்கிறது.
வெள்ளையாய் ஒரு பெண் உருவம், மடியில் முகம்.
அலுவலகம் கேட்டது
அதுதான் என்று தெரியும்.
அனுப்பவில்லை.

விரிப்பை மறுபடி சுவரில் அடித்தோம்.
அடுத்து அவளே.
காது தெரிய வேண்டும் என்றேன்.
கூந்தலை ஒதுக்கினாள்:
தோடில்லாத துளை.
"பெட்ரோலுக்குப் போயிற்று" என்றாள்,
நான் கேட்காமலே,
லென்ஸைப் பார்த்தபடி.